ஏழாவது புல்-அப்ஸுக்கு எந்த குரு?

ஓம் சரவணபவ!

இன்னைக்கு நாம பேசப்போறது புல்-அப்ஸ் பத்தி. ஆமா, கம்பியைப் பிடிச்சுத் தொங்கி, தாடை கம்பிக்கு மேல வர்ற வரைக்கும் உடம்பைத் தூக்குறோமே, அதே புல்-அப்ஸ்தான். கந்தன் பேச்சு பேசுற இடத்துல ஜிம் பேச்சு எதுக்குன்னு யோசிக்காதீங்க. இதுக்குப் பதில் சுவாமிமலையில இருக்கு. மெதுவா படிங்க.

எங்க ஊர் தளவாய்புரம். ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற பக்கம், சேத்தூர், முகவூர் எல்லாம் எங்களுக்கு அக்கம்பக்கம். நைட்டி தைக்கிற ஊருன்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும். விடியக்காலையில மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே ரோட்டுல பசங்க ஓடிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தன் போலீஸுக்கு, ஒருத்தன் ஆர்மிக்கு. போலீஸ் தேர்வுல ஆண்களுக்குக் கயிறு ஏறணும். ஆர்மி செலக்ஷன்ல புல்-அப்ஸ் எடுக்கணும். ரெண்டுக்குமே கையும் முதுகும் சேர்ந்து தன்னோட முழு எடையையும் தூக்கியாகணும்.

அப்படி ஓடுற ஒரு தம்பி என்கிட்ட கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"அண்ணே, எட்டு மாசமா ஆறுலயே நிக்குது. ஏழாவது வரவே மாட்டேங்குது. செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கேன். தினமும் கவசம் சொல்றேன். வாத்தியார் ஒருத்தரைத் தேடிப் போகலாமா? இல்ல, முருகன் இருக்கும்போது இன்னொருத்தர்கிட்ட போனா அது நம்பிக்கைக் குறைவா?"

இது சின்னக் கேள்வி இல்ல. அக்னிவீர் உடல் தகுதித் தேர்வுல 10 புல்-அப்ஸ் எடுத்தா 40 மார்க். 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. கவனிச்சுப் பாருங்க, ஆறுல நிக்குறவனுக்கும் பத்து எடுக்குறவனுக்கும் நடுவுல 24 மார்க் இருக்கு. அந்தத் தம்பி பகல் முழுக்க தையல் மிஷின்ல உட்காருறான். அவனும் அவங்க அம்மாவும் தைக்கிற கூலியிலதான் வீடு ஓடுது. அவன் கணக்குப்படி வயசு வரம்புக்குள்ள இன்னும் ஒரே ஒரு செலக்ஷன்தான் மிச்சம். அதனால அவன் கேள்விக்கு "முருகன் பார்த்துப்பார்"னு ஒரு வரியில பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல.

பதிலை முருகன்கிட்டயே கேட்போம். குருவுக்கே குருவா இருக்குறவர் அவர்தானே.

*சுவாமிமலையில் என்ன நடந்தது?*

கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தத் தடவை ஒரு வாத்தியாரைத் தேடுற மாணவனோட கண்ணால பாருங்க.

பிரம்மதேவர் கைலாசத்துக்கு வர்றார். சிவபெருமானை வணங்குறார். பக்கத்துல இருந்த பாலமுருகனை, சின்னப் பிள்ளைதானேன்னு கவனிக்காம போறார். முருகன் அவரைக் கூப்பிடுறார். "நீங்க என்ன வேலை பண்ணுறீங்க?" "படைக்கிற தொழில்." "எதை வச்சுப் படைக்கிறீங்க?" "பிரணவத்தை வச்சு." "சரி, அந்தப் பிரணவத்துக்கு என்ன அர்த்தம்?"

பிரம்மாவால சொல்ல முடியல. தலையில ஒரு குட்டு, அப்புறம் சிறை. படைப்புத் தொழிலை முருகனே எடுத்துக்கிட்டார்.

பிரம்மாவை விடுவிக்கச் சொல்லி சிவபெருமானே வர்றார். "உனக்கு அர்த்தம் தெரியுமா?"ன்னு கேட்குறார். "தெரியும். ஆனா கேட்குற முறையில கேட்டா சொல்றேன்"னு பிள்ளை பதில் சொல்லுது. அப்பா சீடனா அமர்ந்து, வாய் பொத்தி, காது கொடுக்கிறார். பிள்ளை குருவா இருந்து காதுல உபதேசம் பண்ணுது. அன்னையில இருந்து அவர் சுவாமிநாதன், தகப்பன்சாமி.

கும்பகோணம் பக்கத்துல இருக்குற சுவாமிமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும். கீழே சுந்தரேஸ்வரரா அப்பா இருக்கார். அங்க இருந்து 60 படி ஏறினா மேல பிள்ளை இருக்கார். தமிழ் வருஷங்கள் 60-ஐயும் அந்தப் படிகள் குறிக்குதுன்னு சொல்வாங்க. நாலாம் படைவீட்டோட அமைப்பே இந்தக் கதையைத்தான் சொல்லுது.

இந்த ஒரு கதைக்குள்ள, ஒரு நல்ல வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறதுக்கு நாலு பாடம் இருக்கு.

*பாடம் 1: செய்யத் தெரிஞ்சவர் எல்லாரும் சொல்லித்தரத் தெரிஞ்சவர் ஆக மாட்டார்*

பிரம்மாவுக்குத் தொழில் தெரியாதா? உலகத்தையே படைச்சவர். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா "ஏன், எப்படி"ன்னு கேட்டா சொல்லத் தெரியல. முருகன் பிடிச்சது அந்த இடத்தைத்தான்.

ஜிம்முல பாருங்க. ஒரு அண்ணன் அசால்ட்டா 20 புல்-அப்ஸ் எடுப்பார். நாம போய் "அண்ணே, எனக்கு ஆறுக்கு மேல வரலயே"ன்னு கேட்டா, "தினமும் எடு, தானா வரும்"னு சொல்வார். அவர் பொய் சொல்லல. அவருக்குத் தானாத்தான் வந்திருக்கும். சிலருக்கு உடம்பு எடை கம்மியா இருக்கும். சிலர் சின்ன வயசுல இருந்தே மரம் ஏறிப் பழகியிருப்பாங்க. ஆனா உங்களுக்கு ஏன் வரலன்னு அவருக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு புல்-அப்ஸுக்குள்ள எத்தனை இடத்துல தடை இருக்கலாம்னு பாருங்க. கை பிடிப்பு முதல்ல விட்டுப் போகலாம். தோள்பட்டைப் பலகை கீழ இறங்காம, தோள் காது பக்கம் ஏறி நிக்கலாம். அப்போ முதுகோட பெரிய தசை வேலைக்கே வராம, பாவம், கை மட்டும் இழுத்துக்கிட்டு இருக்கும். கீழே பாதி வழியிலயும், தாடை கம்பியைத் தாண்டப்போற கடைசி நாலு விரல்கடையிலயும் நிக்கிறது ரெண்டும் வேற வேற பலவீனம். காலை உதறி உதறி மேல போறவங்க இருக்காங்க. அதுல எண்ணிக்கை கூடும், பலம் கூடாது. செலக்ஷன்ல அப்படி எடுத்தா எண்ணவும் மாட்டாங்க.

இந்தத் தடை ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. பிடிப்பு போகுதுன்னா சும்மா தொங்கியே பழகணும். தோள் இறங்கலன்னா கையை மடக்காம தோள்பட்டையை மட்டும் இறக்கி ஏத்திப் பழகணும். மேல வர முடியலன்னா ஸ்டூல்ல ஏறி கம்பிக்கு மேல இருந்து ஆரம்பிச்சு, மூணு நாலு வினாடி எடுத்து மெதுவா இறங்கணும். நம்ம தசை தூக்கும்போது தாங்குறதைவிட இறக்கும்போது அதிக எடை தாங்கும். அதனால தூக்க முடியாதவனும் இறங்கிப் பழகிப் பலம் சேர்க்கலாம்.

இதைப் பார்த்த உடனே "உனக்குத் தடை இங்க இருக்கு"ன்னு சொல்றவர்தான் வாத்தியார். தன்னால எத்தனை முடியும்னு காட்டுறவர் நல்ல வீரர். ரெண்டு பேரையும் மதிப்போம். ஆனா பாடம் கேட்க யார்கிட்ட போறோம்ங்கிறதுல தெளிவா இருப்போம்.

*பாடம் 2: குருவைக் கேள்வி கேட்கலாம்*

நம்ம பசங்களுக்கு இதுல பெரிய தயக்கம் இருக்கு. "மாஸ்டர்கிட்ட போய் எப்படிண்ணே கேள்வி கேட்குறது? மரியாதைக் குறைவா ஆயிடாதா?"

மக்களே, நாம கும்பிடுற சாமியே பிரம்மாகிட்ட "அர்த்தம் சொல்லுங்க"ன்னு கேட்டவர். வயசு பார்க்கல, பதவி பார்க்கல, நாலு தலை இருக்கேன்னு மலைக்கல. கேட்குற கேள்வி நேர்மையா இருந்தா அதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல. கேள்விக்குக் கோபப்படுறவர்தான் யோசிக்கணும்.

அதனால காசு கொடுக்குறதுக்கு முன்னாடி பணிவா இதைக் கேளுங்க.

ஒண்ணு: "மாஸ்டர், என்னை மாதிரி ஆறுல நின்ன யாரையாவது பத்துக்குக் கொண்டு வந்திருக்கீங்களா? அவங்ககிட்ட நான் பேசலாமா?"

ரெண்டு: "நான் எடுக்குறதைப் பார்த்துட்டு எங்க தப்புன்னு சொல்ல முடியுமா?" பார்க்காமலே அட்டவணையை நீட்டுறவர்கிட்ட ஜாக்கிரதை.

மூணு: "வலி வந்தா என்ன பண்ணணும்?" "வலியைத் தாங்கிக்கிட்டு எடு"ன்னு மட்டும் சொன்னா கிளம்பி வந்துடுங்க. தசை பலமாகுற வேகத்துல அதை எலும்போட பிணைக்கிற தசைநார் பலமாகாது. அதுக்கு இன்னும் நாள் ஆகும். முழங்கையோட உள்பக்கம் வலி ஆரம்பிச்சதுக்கப்புறமும் அவசரப்பட்டு எடுத்தா, செலக்ஷன் நேரத்துல கம்பியைத் தொடவே முடியாம போயிடும்.

நாலு: "எங்க படிச்சீங்க?" சான்றிதழ் மட்டும் ஒருத்தரை வாத்தியார் ஆக்கிடாது. ஆனா கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். பாட்டியாலாவுல 1961-ல ஆரம்பிச்ச தேசிய விளையாட்டு நிறுவனத்துல பயிற்சியாளர் படிப்பு படிச்சவங்களை 'என்.ஐ.எஸ். கோச்'னு சொல்வாங்க. நம்ம சென்னையில 1920-ல ஹாரி குரோ பக் தொடங்கின ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கு. தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. உங்க பழைய ஸ்கூல் பி.டி. சார்கூட இந்த மாதிரி ஒரு இடத்துல முறையா படிச்சவரா இருக்கலாம். அவரை நாம மறந்தே போயிருப்போம்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்றேன். "ஒரு ஊசி போட்டா ஒரு மாசத்துல ஏறிடும்"னு யாராவது சொன்னா, அந்த வாசல்ல அடுத்த நிமிஷம்கூட நிக்காதீங்க. ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். முருகன் கொடுத்த உடம்பு அது.

*பாடம் 3: உபதேசம் காதுக்குள்ள நடந்தது*

முருகன் ஏன் ஊரைக் கூட்டிச் சொல்லல? ஏன் ஒரே ஒரு காதுல சொன்னார்? பெரியவங்க இதுக்கு ரகசியம், தீட்சைன்னு நிறைய விளக்கம் சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு எளிமையான விளக்கம் இது. உபதேசம்ங்கிறது எதிர்ல உட்கார்ந்திருக்குற ஒருத்தருக்கானது. அவர் யாரு, அவருக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு பார்த்துச் சொல்றது.

யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நல்ல வீடியோவும் இருக்கு. அமெரிக்க மரைன் படையில இருந்த மேஜர் சார்லஸ் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பேருல வாரம் அஞ்சு நாள் புல்-அப்ஸ் திட்டம் ஒண்ணு உலகம் முழுக்கச் சுத்துது. அது அதிக புல்-அப்ஸ் எடுக்குற சாதனைக்காக அவர் தன்னைத் தயார் பண்ணிக்கப் பயன்படுத்தின முறை. ஏற்கெனவே பலசாலியா இருந்த ஒருத்தரோட உடம்புக்குப் பொருந்தினது. அதை ஆறுல நிக்குற தையல்காரத் தம்பி அப்படியே எடுத்துக்கிட்டா, அடுத்தவர் காதுல சொன்ன மந்திரத்தை ஒட்டுக்கேட்ட மாதிரிதான்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து ஊர்ல ஒரு ரிட்டயர்டு ஹவில்தார் காலையில அஞ்சு மணிக்குக் கிரவுண்டுல பசங்களுக்குச் சொல்லித்தர்றார்னு கேள்விப்பட்டுப் போனான். ஊருக்கு வந்திருந்ததால நானும் கூடப் போனேன். அவர் "எத்தனை எடுப்ப?"ன்னு கேட்கவே இல்ல. "என்ன வேலை பார்க்குற தம்பி?"ன்னுதான் முதல்ல கேட்டார். "தையல் மிஷின் மாஸ்டர், நைட்டி தைக்கிறேன்." "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?" "பத்து மணி நேரம்." "சரி, கம்பியைப் பிடிச்சுச் சும்மா தொங்கு. ஏறாத."

அவன் தொங்கினான். அவர் பின்னாடி போய் நின்னு முதுகையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் சொன்னார்: "மிஷின் மேல குனிஞ்சு குனிஞ்சு உன் தோள் முன்னாடி வளைஞ்சு கிடக்கு. நெஞ்சு இறுகிப் போச்சு. முதுகு தூங்குது. நீ எட்டு மாசமா கையால மட்டும் ஏறிக்கிட்டு இருக்க. மூணு வாரத்துக்கு எண்ணிக்கையை மறந்துடு."

எட்டு மாசத்துல யாரும் சொல்லாத ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவருக்கு நாலு நிமிஷம்கூட ஆகல. மிஷின்ல உட்காருறப்ப மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நெஞ்சை விரிக்கச் சொன்னார். காலையில தொங்குறது, தோள்பட்டையை இறக்கி ஏத்துறது, மெதுவா இறங்குறது. அதோட, ஒரே தடவையில மூச்சு முட்ட ஆறு எடுக்குறதுக்குப் பதிலா, மூணு மூணா நடுவுல நல்லா ஓய்வு விட்டு ஒரு நாளைக்குப் பல தடவை எடுக்கச் சொன்னார். ஒவ்வொண்ணும் சுத்தமா இருக்கணும், ஒண்ணுகூட உதறல் இருக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்குறவன். எங்க ஆபீஸ்ல எவ்வளவு பெரிய ஆளு எழுதின கோடா இருந்தாலும் இன்னொருத்தர் பார்க்காம உள்ள போகாது. திறமை இல்லன்னு அர்த்தம் இல்ல, தன் முதுகு தனக்குத் தெரியாது, அவ்வளவுதான். புல்-அப்ஸ்ல அது அப்படியே நேரடி உண்மை. வேலை செய்யுற இடம் முதுகு, நம்ம கண்ணு இருக்குறது முன்னாடி.

*பாடம் 4: அப்பா கீழே உட்கார்ந்தார்*

இதுவரைக்கும் வாத்தியாரைப் பத்திப் பேசினோம். இது நம்மளைப் பத்தி.

சிவபெருமானுக்குத் தெரியாததா பிரணவம்? ஆனாலும் சீடனோட இடத்துல உட்கார்ந்தார். கத்துக்கிறதுக்குன்னு ஒரு இருக்கை இருக்கு, அதுல உட்கார்ந்தாத்தான் காதுல விழும்னு நமக்குக் காட்டினார்.

ஆறு எடுக்குறவனை மூணு எடுக்கச் சொன்னா கோபம் வரும். கூட வந்த பசங்க பத்து எடுக்கும்போது நாம மட்டும் சும்மா தொங்கினா வெட்கமா இருக்கும். பத்து வயசு சின்னவன் ஒருத்தன் "அண்ணே, காலை ஆட்டாதீங்க"ன்னு சொன்னா சுருக்குன்னு இருக்கும். அந்த இடத்துல தகப்பன்சாமியை நினைங்க. உலகத்துக்கே அப்பா, தன் பிள்ளைகிட்ட வாய் பொத்திக் கேட்டார்.

இதுக்கு நேர் எதிரா நம்ம பக்கத்துல ஒரு கதை இருக்கு. கழுகுமலைக்குப் போயிருப்பீங்க. குடவரையில கழுகாசலமூர்த்தியா முருகன் இருக்குற தலம். அதே மலையில வெட்டுவான் கோயில் இருக்கு. பாண்டியர் காலத்துல ஒரே பாறையை மேல இருந்து கீழாகச் செதுக்கி, முடியாமலே நின்னு போன கோயில். அது ஏன் முடியலங்கிறதுக்கு ஊர்ல ஒரு கதை சொல்வாங்க. அப்பாவும் மகனும் சிற்பிகள். மகன் செதுக்குறது அப்பாவைவிட அழகா வருதுன்னு ஊரே பேச, அதைத் தாங்க முடியாத அப்பா உளியை எறிஞ்சதுல மகன் உயிர் போயிடுச்சாம். கோயில் பாதியில நின்னுடுச்சு.

ரெண்டு அப்பாவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒருத்தர் மகன்கிட்டயே கேட்கக் கீழே உட்கார்ந்தார், அங்க ஒரு படைவீடு உண்டாச்சு. இன்னொருத்தர் மகன் தன்னைத் தாண்டுறதைப் பொறுக்கல, கட்டின கோயிலும் முழுசாகல. அதனால வாத்தியாரைத் தேடும்போது இதையும் பாருங்க: தன் மாணவன் தன்னைவிட அதிகமா எடுத்தா சந்தோஷப்படுறவரா? தன்கிட்ட இருந்து வேற இடத்துக்குப் போய்க் கத்துக்கிட்டா ஆசீர்வாதம் பண்ணி அனுப்புவாரா? அப்படிப்பட்டவர் கிடைச்சா விடாதீங்க.

*எங்க தேடுறது?*

இதுக்கும் நம்ம தமிழே வழி வச்சிருக்கு. திருமுருகாற்றுப்படை கேள்விப்பட்டிருப்பீங்க. நக்கீரர் பாடினது, பத்துப்பாட்டுல முதல் பாட்டு. ஆற்றுப்படைன்னா என்ன? வழிகாட்டி அனுப்புறதுன்னு அர்த்தம். ஒரு வள்ளல்கிட்ட போய்ப் பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற ஒருத்தர், எதிர்ல வறுமையோட வர்றவரைப் பார்த்து, "நான் இன்னார்கிட்ட போனேன், இது கிடைச்சது, நீயும் இந்த வழியா போ"ன்னு சொல்றது. முருகன் அருள் வேணும்ங்கிறவங்களுக்கு அப்படி வழி சொல்றதுதான் திருமுருகாற்றுப்படை.

அதனால தேட வேண்டிய முறை ரொம்ப எளிமை. விளம்பரத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி, போய்ச் சேர்ந்தவங்களைப் பாருங்க. உங்க ஊர்ல இருந்து ஆர்மிக்கோ போலீஸுக்கோ போன அண்ணன் லீவுல வருவார். அவர்கிட்ட "யாருண்ணே சொல்லிக்கொடுத்தது?"ன்னு கேளுங்க. தென் மாவட்டங்கள்ல எத்தனையோ முன்னாள் ராணுவத்தினர் காலைல கிரவுண்டுல நின்னு பசங்களைத் தயார் பண்ணுறாங்க. பேனர் வைக்க மாட்டாங்க, அதனால தேடிப் போனாத்தான் தெரியும். பள்ளிக்கூட பி.டி. சார், சிலம்பம் சொல்லித்தர்ற ஆசான், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்லர் கம்பம் தெரிஞ்சவங்க, இவங்க எல்லாருக்கும் தொங்குற உடம்பைப் பத்தி நல்லாத் தெரியும்.

தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. புல்-அப்ஸ் பசங்களுக்கு மட்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒண்ணுகூட வராத நிலையில இருந்து முதல் ஒண்ணுக்குக் கொண்டு போறதுதான் ஒரு வாத்தியாருக்கு உண்மையான பரீட்சை. மெதுவா இறங்குறதுல இருந்து ஆரம்பிங்க.

பக்கத்துல யாருமே இல்லன்னா, வீடியோ எடுத்து அனுப்பித் தூரத்துல இருக்குற வாத்தியார்கிட்ட கேட்கலாம். ஆனா பின்பக்கத்துல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல இருந்து ஒண்ணு எடுத்து அனுப்புங்க. முகம் தெரியுற வீடியோ ஸ்டேட்டஸுக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது.

*அப்போ முருகன் எதுக்கு?*

இப்போ தம்பியோட கேள்விக்கு நேரடிப் பதில். வாத்தியார்கிட்ட போறது நம்பிக்கைக் குறைவா?

சூரசம்ஹாரத்துக்கு முன்னாடி முருகன் என்ன பண்ணினார்? அம்மாகிட்ட போய் வேல் வாங்கினார். இன்னைக்கும் சிக்கல்ல வேல் வாங்குற விழா நடக்குது. அப்புறம்தான் திருச்செந்தூர்ல சம்ஹாரம். எல்லாம் தெரிஞ்சவர், எல்லாம் முடிஞ்சவர், தனக்கு வேண்டிய கருவியை அதைக் கொடுக்க வேண்டியவங்க கையால வாங்கிக்கிட்டுத்தான் போருக்குப் போனார். வாங்கிக்கிறது அவருக்கே குறைவில்லன்னா நமக்கு எப்படிக் குறைவாகும்?

அருணகிரிநாதர் கந்தர் அநுபூதியை முடிக்கும்போது முருகனைக் குருவா வரச் சொல்லித்தான் கேட்குறார். நாமும் அதைத்தான் கேட்கணும். "முருகா, ஏழாவதைக் கொடு"ன்னு கேட்குறதைவிட, "முருகா, என் தடையைக் காட்டுற ஒருத்தரை என் கண்ணுல காட்டு, அவர் சொல்றதைக் கேட்குற மனசை எனக்குக் கொடு"ன்னு கேளுங்க. அவர் எந்த ரூபத்துல வருவார்னு நமக்குத் தெரியாது. விசில் மாட்டின, கால் கொஞ்சம் தாங்கி நடக்குற ஒரு ரிட்டயர்டு ஹவில்தாராகவும் வரலாம்.

விரதம் இருக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். கந்த சஷ்டி ஆறு நாளும் சாப்பிடாம இருந்துக்கிட்டு முழு வேகத்துல பயிற்சி பண்ணாதீங்க. முன்கூட்டியே வாத்தியார்கிட்ட சொல்லிடுங்க. அவர் அந்த வாரத்தை லேசாக்கிக் கொடுப்பார். பயிற்சியில ஓய்வு வாரம்னு ஒண்ணு எப்படியும் தேவை. அது சஷ்டியோட சேர்ந்து வந்தா உடம்புக்கும் நல்லது, விரதமும் மனசுல நிக்கும்.

பலன்? அந்தத் தம்பி இப்போ சுத்தமா எட்டு எடுக்குறான். 16-ல இருந்தவன் 27-க்கு வந்திருக்கான். செலக்ஷன் இன்னும் வரல. பத்து வருமா, வேலை கிடைக்குமா, அது இனிமேதான் தெரியும். ஆனா தினமும் இருட்டோட கிளம்பி அஞ்சு மணிக்குக் கிரவுண்டுல நிக்குறான். பலனைக் கையில வச்சிருக்குறவர் பார்த்துக்கட்டும். உழைப்பு சரியான இடத்துல விழுதாங்கிறதைப் பார்க்க வேண்டியது நம்ம பொறுப்பு.

கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவங்களா இருப்பீங்க. ஆர்மியில, போலீஸ்ல, தீயணைப்புத் துறையில இருப்பீங்க. உங்களுக்கு நல்ல வழி காட்டின ஒரு மாஸ்டர் இருந்திருப்பார். அவர் இருக்குற ஊரை, கிரவுண்டை, நேரத்தை உங்க தெருவுல ஓடுற ஒரே ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ நேர்ல போய்ச் சொல்லுங்க. அந்தச் சின்ன விஷயமும் ஒரு ஆற்றுப்படைதான். வாங்கினவன் வழி சொல்லாம போகக் கூடாதுங்கிறது நம்ம மண்ணோட பழைய வழக்கம்.

தகப்பனுக்கே பாடம் சொன்ன சுவாமிநாதன், உங்க எல்லாருக்கும் சரியான குருவைக் காட்டட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!